ஒச்சம்மாவின் கவாத்து

"நான் வெட்டினதாலதான் போச்சா, இல்லையா? ஒரே வார்த்தை. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம்."

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒச்சம்மா இப்படிக் கேட்டாள்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே சின்னமாயி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எது போச்சு?"

"என் புள்ள."

சின்னமாயி முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"உள்ள வா தாயி."

"என்னைத் தாயின்னு கூப்பிடாதீங்க."

"சரி. பேரு?"

"ஒச்சம்மா."

"உள்ள வாங்க ஒச்சம்மா."

கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்த இடத்தை மடம் என்பார்கள். இரண்டு அறை, ஒரு முற்றம், முற்றத்துக்குக் கூரையாக ஒரு திராட்சைப் பந்தல். மடம் என்பது அவ்வளவுதான். சின்னமாயியின் அப்பா இருந்தபோது வழிப்போக்குப் பரதேசிகள் வந்து தங்கினார்கள். அவர் போன பிறகு பரதேசிகள் குறைந்து, கேள்வியோடு வருகிறவர்கள் கூடினார்கள்.

சின்னமாயிக்குக் காவி கிடையாது. ஜடாமுடி கிடையாது. பால் வண்டி ஓட்டும் காசிமாயன் என்று ஒரு புருஷன் உண்டு. ஒச்சம்மாவைவிட ஐந்தாறு வயது சின்னவள்தான். இருந்தாலும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவள் மடத்தக்கா.

அவள் பதில் சொல்லும் விதம் பற்றிப் பேச்சு பலமாக உண்டு. கோபத்தை அடக்க வழி கேட்டு வந்த லாரி முதலாளி ஒருவரைப் பொழுது சாயும்வரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, "அதான் அடக்கிட்டீங்களே, போயிட்டு வாங்க" என்று அனுப்பினாளாம். அவர் பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டிக்கொண்டே போனார் என்றும் சொல்வார்கள்.

இதெல்லாம் ஒச்சம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தாள். என்ன விடுகதை போட்டாலும் பதிலை வாங்காமல் திரும்புவதில்லை என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு கட்டியிருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள் சின்னமாயி.

ஒச்சம்மா சொன்னாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பன்னீர்த் திராட்சைக் கொடி. அவளே நட்டது, அவளே பந்தல் போட்டு ஏற்றியது. வருஷா வருஷம் கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்யும் கவாத்தும் அவள் கைதான். கவாத்து என்றால் தெருவே அவளைத்தான் கூப்பிடும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய தை மாசம் அவளுக்கு நாலாவது மாசம்.

வீட்டில் ஒருத்தி பிள்ளை உண்டாகியிருந்தால் அந்த ஊர்ப் பக்கத்தில் பச்சைக் கொடியிலும் மரத்திலும் இரும்பு வைக்க மாட்டார்கள். அது ஒச்சம்மாவுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் கொடி தயாராக நின்றது. பருவம் தப்பினால் அந்த வருஷம் காய் இல்லை. ஒரு காலை நேரத்தில், மாமியார் கடைக்குப் போயிருந்த சமயம், கத்தரியை எடுத்து வெட்டி முடித்துவிட்டாள்.

அந்த வாரமே கரு கலைந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில என் மாமியார் என் தலையைத் தடவிக்கிட்டே, 'பச்சையில இரும்பு வச்சியேடி'ன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாளும் சொல்லலை. வாய் தவறிச் சொன்னதுதான். திரும்பச் சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னாங்க."

"வேற யாரைக் கேட்டீங்க?"

"குறி சொல்ற கோடாங்கியை."

"அவரு?"

"சந்தேகமே இல்லைன்னாரு."

"ஆளுக்கு ஒரு பக்கம் நிக்கிறாங்க. நான் எந்தப் பக்கம் போய் நிக்கட்டும்?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் நில்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்."

"நம்ப மாட்டீங்க."

"சொல்லிப் பாருங்க."

சின்னமாயி பந்தலை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கொடி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"காடா ஏறிக் கிடக்கு. யாரும் வெட்டலை. இலையெல்லாம் சாம்பல் பூத்து, ஒரு கொத்துக்கூடக் காய்க்கலை. நீங்க ஆமான்னு சொன்னா வேரோட பிடுங்கிப் போட்டுருவேன்."

"இல்லைன்னு சொன்னா?"

ஒச்சம்மா கொஞ்சம் தடுமாறினாள்.

"எங்க வீட்டுக்காரர் இன்னொரு புள்ள வேணும்ங்கிறாரு. எனக்கும் வேணும். ஆனா இது தெரியாம இன்னொரு தடவை சுமக்க மாட்டேன். சுமந்துட்டு, எதைத் தொட்டாலும் பயந்துக்கிட்டே இருக்க என்னால ஆகாது."

சின்னமாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே கையைக் காட்டினாள்.

"இந்தப் பந்தலைக் கவாத்து பண்ணிக் குடுங்க. பதில் சொல்றேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"இனிமே கத்தரியைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"போனதுகிட்ட."

சின்னமாயி முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு முழுப் பூண்டை உரித்து முடித்தாள்.

"அப்ப உக்காருங்க" என்றாள் கடைசியில்.

ஒச்சம்மா உட்கார்ந்தாள். கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்தாள்.

மறுநாளும் வந்தாள்.

அதற்கு மறுநாளும் வந்தாள்.

யார் யாரோ வந்தார்கள். யார் யாருக்கோ பதில் கிடைத்தது. கடன்காரனுக்குப் பயந்தவன் சிரித்துக்கொண்டு போனான், மகனோடு பேச்சை நிறுத்தியிருந்த ஒருவர் போனை வாங்கிக்கொண்டு வேலியோரம் போனார். ஒச்சம்மா மட்டும் சாப்பாட்டு டப்பாவோடு தூணடியில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு பிடிவாதத்தை எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பந்தலைப் பார்க்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் கண் கேட்டால்தானே. மேலே போய்ப் போய் வந்தது. அடியிலைகள் பழுத்திருந்தன. பச்சையாக இருந்த கிளைகள் பழுப்பேறி, பென்சில் கனத்துக்கு முற்றியிருந்தன. கிளையில் துளிர் விடும் கண்கள் உப்பி நின்றன.

"தண்ணி நிறுத்தியாச்சா?" வாயை அடக்க முடியாமல் ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"அது ஆச்சு ஒரு வாரத்துக்கு மேல."

"அப்ப இதுதான் பக்குவம். இன்னும் தள்ளினா பழுக்குற நேரத்துல கோடை மழையில மாட்டும். பழமெல்லாம் வெடிச்சுப் போயிரும்."

"வெட்டுங்க."

"நான் அதுக்குச் சொல்லலை."

"நானும் சும்மாதான் சொன்னேன்."

ஒச்சம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. இந்தப் பொம்பளை ஒரு பந்தல் திராட்சையை வீணாக்கினாலும் ஆக்குவாளே தவிர ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது சின்னமாயி பந்தலடியில் கத்தரியோடு நின்றிருந்தாள்.

ஒச்சம்மா பேசாமல் தூணடியில் போய் உட்கார்ந்தாள்.

சின்னமாயி தாழத் தொங்கிய ஒரு கிளையைப் பிடித்து, நடுவில் எங்கேயோ ஒரு வெட்டு வெட்டினாள். கத்தரி பாதி வெட்டிப் பாதி நசுக்கியது. தோல் உரிந்து தொங்கியது.

ஒச்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த கிளை நன்றாக முற்றிய, கண் உப்பிய அருமையான கிளை. சின்னமாயி அதை அடியோடு வெட்டிக் கீழே போட்டாள். அதற்குப் பக்கத்தில் இருந்த வெளிறிய நோஞ்சான் கிளையை நீளமாக விட்டுவிட்டு நகர்ந்தாள்.

"அய்யோ, அது காய்க்கிற கிளை!"

"அப்படியா?" சின்னமாயி இன்னொன்றைப் பிடித்தாள்.

"பொறுங்க! கண்ணு மேல வச்சு வெட்டாதீங்க. கண்ணு செத்துப் போகும்."

"பின்ன எங்க வெட்ட?"

"முத்தின கிளையில அடியில இருந்து நாலு கண்ணு எண்ணுங்க. நாலாவது கண்ணுக்கு மேல ஒரு விரக்கடை விட்டு வெட்டுங்க. பன்னீருக்கு அங்கதான் காய் இருக்கு. சரிச்சு வெட்டுங்க, தண்ணி நிக்காம வழியணும்."

"இந்த நோஞ்சானுக்கும் நாலா?"

"அது எதைத் தாங்கும்? அதுக்கு ஒரு கண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. இந்த வருஷம் அது காய்க்க வேண்டாம், தேறினா போதும். அடுத்த வருஷத்துக்கு அதுதான் கிளை."

"இப்படியா?"

"இப்படி இல்லைங்க. இப்படிக் குடுங்க."

ஒச்சம்மா கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள். சாணைக் கல் எங்கே என்று கேட்டாள். கத்தரியின் வாயைத் தீட்டினாள். நசுங்கிய கிளையைச் சுத்தமாக வெட்டிச் சரி செய்தாள். பக்கத்துக் கிளையில் கண் எண்ணினாள். அதற்குப் பக்கத்தில் போனாள்.

தன் கையில் கத்தரி இருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கும்போது பந்தலின் ஒரு மூலை முடிந்திருந்தது.

அப்படியே நின்றுவிட்டாள்.

சின்னமாயி தரையில் உட்கார்ந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டிருந்தாள். வெட்டின வாயில் பூசுவதற்கு. அவள் நிமிரவே இல்லை.

கத்தரியைக் கீழே போட்டுவிடலாம். பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் ஒரு மூலை வெட்டி, மீதி வெட்டாமல் நிற்கிற கொடியைப் பார்க்க ஒச்சம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சத்தியம் உடைந்தது உடைந்ததுதான். அதற்கு இந்தக் கொடி என்ன செய்யும்?

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த கிளையைப் பிடித்தாள்.

இலைகளை உருவினாள். காய்ந்ததை வெட்டினாள். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைப் பிரித்து, வேண்டாததை எடுத்துவிட்டு, வேண்டியதை வாழைநாரால் பந்தல் கம்பியில் கட்டினாள். நாலு கண், நாலு கண், ஒரு கண், நாலு கண். கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்ட வெட்ட முற்றத்துக்குள் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டினாள்.

நடுப்பந்தலுக்கு வந்தபோது போன வருஷத்து வெட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் சரிவாக, சுத்தமாக, கண்ணுக்கு மேல் அளவாக இடம் விட்டு இருந்தன.

"போன வருஷம் இதை யாரு வெட்டினது?"

"நான்தான்."

"இவ்வளவு அழகா வெட்டத் தெரியுது. காலையில மட்டும் ஏன் கழுதை மேஞ்ச மாதிரி வெட்டுனீங்க?"

சின்னமாயி துத்தக் கலவையை ஒரு குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் எனக்குக் கை வரலை."

அவளுடைய எத்தனையோ பூடகங்களில் இதுவும் ஒன்று என்று ஒச்சம்மா விட்டுவிட்டாள்.

வேலை முடியும்போது முற்றம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. மேலே வெறும் கம்பியும் குச்சியும்தான். ஒவ்வொரு குச்சி முனையிலும் நீலப் பூச்சு. கீழே முழங்கால் அளவுக்கு இலையும் தழையும்.

ஒச்சம்மா கத்தரியைத் துடைத்தாள். சின்னமாயிக்கு எதிரே வந்து நின்றாள்.

"சொன்ன வேலை முடிஞ்சது. இப்பச் சொல்லுங்க. என்னாலதான் போச்சா, இல்லையா?"

சின்னமாயி வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் பால் வண்டி வந்து நின்றது.

காசிமாயன் கையில் ஒரு மருந்துக்கடைக் கவரோடு உள்ளே வந்தான். வரும்போதே பேசிக்கொண்டு வந்தான்.

"இரும்புச் சத்து மாத்திரை வாங்கிட்டேன். தடுப்பூசிக்கு நாளைக்கு வரச் சொன்னாங்க. நர்ஸம்மா என்னைத்தான் ஏசுறாங்க, நாலு மாசம் முடியப் போகுது, இப்பத்தான் கூட்டிட்டு வர்றீங்களான்னு. எக்கி எதையும் எடுக்கக் கூடாதாம், அப்புறம்..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. மேலே பார்த்தான். கீழே கிடந்த தழையைப் பார்த்தான்.

"யாரு வெட்டினது?"

"ரெண்டு பேரும்" என்றாள் சின்னமாயி.

"நீயுமா?"

"நானும்தான். ரெண்டு கிளை."

காசிமாயன் அப்படியே திண்டாடிப்போய் நின்றான். கோபப்படுவதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்னுதானே பேசி வச்சோம்? இந்த வருஷம் காய் இல்லாட்டிப் போகுதுன்னு நீதானே சொன்ன? இத்தனை வருஷம் கழிச்சு வயித்துல நின்னிருக்கு..."

ஒச்சம்மா கத்தரியைப் பிடித்திருந்த விதத்திலேயே நின்றாள்.

"நாலு மாசமா?" என்றாள் சின்னமாயியைப் பார்த்து. "தெரிஞ்சுமா என்னைய வெட்ட வச்சீங்க?"



"ஒண்ணும் ஆகாதுல்ல?" காசிமாயன் பொண்டாட்டியின் முன்னால் குந்தினான். "சொல்லு. ஊருக்கெல்லாம் சொல்றியே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"என்னை ஏன் கேக்குற? எனக்கு இதுல என்ன தெரியும்?" சின்னமாயி ஒச்சம்மாவைக் காட்டினாள். "மூணு வருஷமா இதையே யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்க அவங்க. அவங்களைக் கேளு."

காசிமாயன் திரும்பினான்.

"அக்கா."

ஒச்சம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் புருஷன் தவமணி இதே முகத்தோடுதான் நின்றான். அன்றைக்கு அவனுக்குச் சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. ஒண்ணும் ஆகாதுல்ல?"

இவனைப் பயத்தோடு விட்டுவிட்டுப் போக முடியாது. இன்னும் ஐந்து மாசம் இவன் ஒவ்வொரு ராத்திரியும் இந்தப் பந்தலைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறவளும் அப்படித்தான் படுக்க வேண்டும். அது எப்படிப்பட்ட படுக்கை என்று ஒச்சம்மாவுக்குத் தெரியும்.

"பயப்படாதீங்க தம்பி" என்றாள். "கொடிய வெட்டினதால எல்லாம் புள்ள போகாது."

குரல் தெளிவாக, உறுதியாக வந்தது. அது யார் குரல் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சின்னமாயி தலையைக் குனிந்திருந்தாள். அவள் இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

"எனக்குச் சரியாக் கேக்கலை" என்றாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒச்சம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். தழைகளைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சொன்னாள்.